அலுவலகப் பேச்சு: யாருடைய நேர்த்தி?

'பணியிடத்தில் திறம்படப் பேசுவது எப்படி' என்ற பயிற்சி வகுப்பில் ஒருநாள் உட்கார்ந்திருந்தேன். சுருக்கமாகப் பேசு, குரலை உயர்த்தாதே, உணர்ச்சியைக் காட்டாதே என்றார்கள். யாரிடம் பேசும்போது என்பதை மட்டும் சொல்லவில்லை.

பியர் பூர்தியு 1982இல் வெளியிட்ட நூலில் பேச்சைச் சந்தையோடு வைத்துப் பார்க்கிறார். சொல்லின் மதிப்பு சொல்லுக்குள் இல்லை. சொல்பவருக்குக் கிடைத்திருக்கும் அங்கீகாரத்தில் இருக்கிறது. நம் அலுவலகங்களில் இது கண்கூடு. மேலே போகும் பேச்சு 'சார்' என்று முடியும். கீழே வரும் பேச்சு 'ஏம்ப்பா' என்று தொடங்கும். வயதில் மூத்த கடைநிலை ஊழியரை 'நீ' என்று அழைக்கும் அதிகாரியிடம் நேர்த்தி இல்லை என்று யாரும் எழுதி வைப்பதில்லை. அந்த ஊழியர் 'என்னா சார் இது' என்று கேட்டுவிட்டால் மட்டும் ஒழுங்கீனம்.

'தவறு நேர்ந்துவிட்டது' என்ற வாக்கியத்தையும் கவனியுங்கள். செய்தவர் காணாமல் போகிறார். 'நான்தான் தாமதப்படுத்தினேன், நாளைக்குள் முடிச்சுடறேன்' என்பதில் ஆள், செயல், காலம் மூன்றும் இருக்கின்றன. திறம் என்பது இதுதான்.

ஆகவே, பயிற்சியே வேண்டாம் என்பதல்ல என் வாதம். கூட்டத்தில் வாய்மூடி இருந்துவிட்டு டீக்கடையில் கொட்டித் தீர்ப்பவன்தான் நானும். ஆனால் முதல் பாடம் மேலே இருப்பவர்களுக்கு நடக்கட்டும்: எல்லோருக்கும் ஒரே 'நீங்க'.