சினார் மரத்தடியில் அத்தை

நவம்பர் முதல் வாரத்தில் ஸ்ரீநகருக்குப் போயிருக்கிறீர்களா, சகோதரிகளே? அப்பப்பா, அது என்ன காட்சி! சினார் மரங்கள் பச்சையை உதறிவிட்டு, மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்புமாகத் தீப்பிடித்தாற்போல் நிற்கும். காஷ்மீரத்தார் இந்தப் பருவத்தை 'ஹருத்' என்கிறார்கள். இலையின் பச்சையம் சிதைந்ததும், அதுவரை அதற்குள் ஒளிந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. சிவப்போ, அந்தச் சமயத்தில் இலை புதிதாகத் தயாரித்துக்கொள்வது!

நிஷாத் பாக் தோட்டத்தில் அத்தையை நிறுத்திப் படம் எடுக்க ஆசைப்பட்டேன். "எனக்கு வேண்டாம்டி அம்மா, நீ நில்லு, நான் எடுக்கிறேன்" என்று நழுவினாள். எப்போதும் இப்படித்தான். காரணம் அன்றுதான் தெரிந்தது. 1974-ல் வரன் பார்ப்பதற்காக அவளை ஒரு ஸ்டூடியோவில் படம் பிடித்தார்களாம். நெகடிவில் பென்ஸிலால் 'டச்' பண்ணி, கறுப்பு நிறத்து அத்தையை வெள்ளைக்காரியாக்கிவிட்டார்கள். பெண் பார்க்க வந்த ஒரு மாமி, "படத்திலே வேறே மாதிரி இருந்ததே!" என்று கூடத்தில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாளாம். அதிலிருந்து காமிரா என்றாலே அத்தைக்கு ஆகாது.

கெஞ்சிக் கூத்தாடி ஒரு படம் எடுத்தேன். பின்னால் வெயிலில் இலைகள் ஜொலித்தன, முகம் இருண்டுவிட்டது. உடனே ஸெல்போன் தானாகவே முகத்தை வெளுத்து, சுருக்கங்களைத் துடைத்துவிட்டது. "பார்த்தாயா? அந்த ஸ்டூடியோக்காரன் இதற்குள்ளேயும் வந்துவிட்டான்!" என்று சிரித்தாள் அத்தை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குற்றம் முகத்தின் நிறத்தில் இல்லை. வெளிச்சத்தைப் பயன்படுத்திய விதத்தில்தான். நவம்பர் ஆரம்பத்தில் அங்கே நடுப்பகலில்கூடச் சூரியன் சுமார் 40 பாகைதான் உயரும். சென்னையிலோ 60 பாகைக்கு மேல். ஆகவே உச்சிவெயில் கண்குழியில் நிழல் போடும் தொல்லை குறைவு. மாலை நாலு மணிக்குமேல் ஒளி இன்னும் மிருதுவாகிறது. ஆனால் 5.35 மணி சுமாருக்குச் சூரியன் மறைந்துவிடும், அசட்டையாக இருக்காதீர்கள்!

படத்துக்கு நிற்பவரை மரநிழலின் ஓரத்தில், முகம் திறந்த வானத்தைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். காமிரா முழுக் காட்சியின் வெளிச்சத்தையும் சேர்த்தே கணக்குப் போடும். ஆகையால் திரையில் முகத்தின்மேல் விரலை வைத்து வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். புல்தரையில் உட்கார்த்தினால் மோவாய்க்கு அடியில் பச்சை அடிக்கும். உதிர்ந்த இலைகளின்மேல் உட்கார்த்தினால் இதமான பொன்னிறம் வரும். மடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துவிட்டால் கண்களில் உயிர் வந்துவிடும்.

எடிட் செய்வதிலும் பத்தியம் உண்டு. முதலில் 'பியூட்டி' வசதியை அணைத்துவிடுங்கள். நம் சருமமும் சினார் இலையும் ஒரே செம்மஞ்சள் குடும்பம். இலை ஜொலிக்கட்டும் என்று நிறத்தை மொத்தமாகக் கூட்டினால் முகம் ஆரஞ்சுப் பழமாகிவிடும்! பின்னணியை மட்டும் தனியே தேர்ந்தெடுத்துக் கூட்டுங்கள். முகத்தில் நிழலை மட்டும் சற்றே தூக்குங்கள், நிறத்தை மாற்றாதீர்கள்.

வண்ணப் பிலிம் காலத்தில் கோடாக் கம்பெனி, நிறம் சரியா என்று பார்க்க ஒரு மாதிரிப் படத்தை அச்சிடும் கூடங்களுக்கு அனுப்பியது. 'ஷெர்லி கார்டு' என்று அதற்குப் பெயர். அதில் பல்லாண்டுக் காலம் இருந்தது வெள்ளைத் தோல் பெண்தான். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று எண்ணினார்கள். கறுப்பு முகங்கள் படத்தில் கெட்டதற்கு அதுவும் ஒரு காரணம். பழி மட்டும் முகத்தின்மேல்!

இரண்டாவது படத்தை அத்தையிடம் காட்டினேன். அதே கறுப்பு, அதே சுருக்கம், கண்ணில் மட்டும் ஏரியின் வெளிச்சம். வெகுநேரம் பார்த்தாள்.

"இதைப் பெரிசு பண்ணிக் கொடு" என்றாள். "கூடத்திலே மாட்டணும்."