கணக்கு நோட்டா, ஓவியமா?

கணக்கு நோட்டைப் பிரித்துக் காட்டி, "இது ஓவியம்" என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தார். 1963-இல் அவர் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' ஓவிய வரிசையில் அல்ஜீப்ரா மாதிரி குறிகள், ஜாதகக் கட்டங்கள், நுணுக்கி நுணுக்கி எழுத்துகள். ஏதோ பெரிய ஆராய்ச்சிக் குறிப்பு என்றே தோன்றும். எழுத்துக்கூட்டிப் படிக்கப் போனால் ஒன்றும் பிடிபடாது! படிப்பதற்காக அவர் எழுதவே இல்லை. எழுத்தும் அவருக்கு வெறும் வடிவம்தான். கொஞ்சம் குறும்பும் இருந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. அவர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம், சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக இன்றும் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால், அங்குள்ள அருங்காட்சியகத்தில் பணிக்கரின் ஓவியங்களைப் பார்க்கலாம்.