கழுத்தடியில் ஒரு திருமுக்கூடல்! தெரியுமா?

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்று சேருகிற இடம் திருமுக்கூடல். காஞ்சிபுரம் பக்கம், பழையசீவரத்துக்கு எதிர்க்கரை. அங்கே அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள நீளமான சோழர் கல்வெட்டைப் படித்தால் தலை சுற்றும்! வீரராசேந்திரன் காலத்தில், 1069 வாக்கில், அந்தக் கோயிலை ஒட்டி 15 படுக்கையோடு ஓர் ஆஸ்பத்திரி நடந்திருக்கிறது, தெரியுமா? ஆதுலர் சாலை என்று பெயர். வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் சம்பளம். அறுத்து வைத்தியம் பார்க்கிற சல்லிய வைத்தியருக்கு 30 கலம் நெல்தான்! (இன்றைய சர்ஜன்கள் கண்ணில் இது படாமலிருப்பது நல்லது.) மூலிகை கொண்டுவர ஆள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், ராத்திரி விளக்குக்கு எண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்த்தவருக்கு, அந்தத் துடிப்புக்குப் பின்னால் ரத்தம் வட்டமாகச் சுற்றி வருகிறது என்று அளந்து காட்ட ஆளில்லை. அதற்கு இன்னும் 559 வருஷம் ஆகவேண்டியிருந்தது! ரத்தம் கல்லீரலில் ஊறி, உடம்பெங்கும் போய், அங்கேயே செலவாகிவிடும் என்றுதான் காலன் என்ற கிரேக்க வைத்தியர் சொன்னதை வைத்து மேற்கே நம்பிக்கொண்டிருந்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் அரபு வைத்தியர் இப்னு அல் நஃபீஸ், ரத்தம் நுரையீரல் வழியாகத்தான் இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போகிறது என்று எழுதினார். 1628இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி போட்டது வெறும் பெருக்கல் கணக்கு. ஒரு துடிப்புக்கு இவ்வளவு, அரை மணிக்கு இத்தனை துடிப்பு. பெருக்கினால் உடம்பில் உள்ள மொத்த ரத்தத்தைவிட அதிகம் வருகிறதே! அவ்வளவையும் கல்லீரல் புதிதாக ஊற வைக்க முடியுமா? முடியாது. அப்படியானால் அதே ரத்தம்தான் திரும்பி வருகிறது!

இன்றைய கணக்கு இன்னும் மலைக்க வைக்கும். ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி, ஒரு நிமிஷத்துக்கு 5 லிட்டர், ஒரு நாளைக்கு 7,000 லிட்டர். கையளவு இதயம்!

ரத்தக் குழாய்களை நீட்டிவைத்தால் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்குமே? நம்பாதீர்கள். நோபல் பரிசு பெற்ற ஆகஸ்ட் குரோக், மாமிச மலை போன்ற ஓர் உடம்பை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. பிறகு வந்தவர்கள் அதை 20,000 கிலோமீட்டருக்கும் கீழே இறக்கிவிட்டார்கள். அதுவே போதாதா?

அந்த நீளத்தில் பெரும்பகுதி, கண்ணுக்குத் தெரியாத தந்துகிகள். ஹார்வி அவற்றைப் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்தார். 1661இல் இத்தாலிய வைத்தியர் மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் தெரிந்தன. பெருந்தமனியில் நொடிக்கு 20, 30 சென்டிமீட்டர் பாய்கிற ரத்தம், தந்துகியில் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. ஏன் தெரியுமா? கொடுக்கல் வாங்கல் எல்லாம் அங்கேதான்! சுவர் ஒரே ஒரு செல் கனம். ஆக்சிஜனும் குளுக்கோஸும் வெளியே போக, கரியமில வாயு உள்ளே வருகிறது. கூடவே கசியும் நீரில் பெரும்பகுதியை ரத்தப் புரதங்கள் ஓடிவிடாமல் பிடித்து வைக்கின்றன. மீறிப்போனதை நிணநீர்க் குழாய்கள் அள்ளிக்கொண்டு திரும்புகின்றன.

இப்போது வயிற்றுக்கு வருவோம். வரதராஜப் பெருமாள் கோயில் காஞ்சிபுரம் இட்லியை நெய்யோடு சாப்பிடுகிறீர்கள். அரிசியும் நெய்யும் உள்ளே வேறு வேறு வழியில் போகின்றன, தெரியுமா? அரிசியின் குளுக்கோஸும் உளுந்தின் அமினோ அமிலங்களும் குடலின் தந்துகிகளில் ஏறி நேராகக் கல்லீரலுக்குப் போகும். அங்கே சோதனை முடிந்த பிறகுதான் இதயம். நெய்க்கு அந்த வழியே கிடையாது! அதன் உருண்டைகள் தந்துகிக்குள் நுழையாத அளவு பெரியவை. குடலின் நிணநீர்க் குழாய்களில் ஏறி, முதுகெலும்பை ஒட்டிய மார்பு நாளம் வழியாக மேலே போய், இடது கழுத்தடியில், தலையிலிருந்து வரும் சிரையும் இடக்கையிலிருந்து வரும் சிரையும் சேருகிற மூலையில் வந்து விழும். மூன்றும் கூடுகிற இடம்! கொழுப்பு உண்ட பிறகு அந்த நிணநீர் பால்போல வெளுத்திருக்கும். வயிறு நிரம்பிய ஒரு நாயின் குடலில் இந்த வெள்ளைக் கோடுகளை 1622இல் கண்டு திகைத்தவர் இத்தாலியின் காஸ்பர் அசெல்லி.

ரத்தமே போகாத இடமும் உண்டு. கண்ணின் கருவிழிப் படலத்துக்கு ரத்தக் குழாயே கிடையாது. விழித்திருக்கும்போது கண்ணீரில் கரைந்த காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது!

சிவப்பணுவின் கதையோ தனி. உடம்பில் சுமார் 25 லட்சம் கோடி. உட்கருவைத் தூக்கி எறிந்துவிட்டு ஹீமோகுளோபினை நிரப்பிக்கொண்ட பை அது. 120 நாள் ஆயுளில் ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். செத்ததும் அதன் இரும்பை உடம்பு வீணாக்காமல் மறுபடி எடுத்துக்கொள்ளும். வளர்ந்த உடம்பின் மொத்த இரும்பே 3, 4 கிராம்தான். அதில் மூன்றில் இரண்டு பங்கு ரத்தத்தில்.

இப்போது அந்தக் கல்வெட்டுக்குத் திரும்புங்கள். ஆதுலர் சாலையில் இருப்பு வைத்த இருபது மருந்துகளுக்குள் மண்டூர வடகம் என்று ஒன்று. மண்டூரம் என்றால் இரும்புக் கிட்டம்! உடம்பு வெளுத்துச் சோர்கிற பாண்டு நோய்க்கு ஆயுர்வேத ஆசான் சரகர் காலத்திலிருந்தே கொடுத்து வந்த மருந்து. ஹீமோகுளோபின் என்ற பேரே இல்லாத காலத்தில், வெளுத்தவருக்கு இரும்பு!

அந்த நோய் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்க ஒரு சொட்டு ரத்தம் போதும். கொடுக்கிற இரும்பு மாத்திரையை டீயோடு மட்டும் விழுங்காதீர்கள், இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடுங்கள்.