மின்சாரம் நின்றபின் இறங்கும் நீர்

பெங்களூரில் கோடை மழையும் மின்தடையும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. சென்ற ஆண்டு மே மாதத்து இரவொன்றில் அவ்வாறு மின்சாரம் நின்றபோது நாங்கள் உறங்கிக்கொண்டிருந்தோம். விடியற்காலையில் கதவைத் தட்டியவர் கீழ்வீட்டுப் பெரியவர். மகளின் திருமணத்திற்காக அப்போதுதான் வண்ணம் பூசிய அவர் வீட்டுச் சுவரில் நீர் வழிந்துகொண்டிருந்தது. எங்கள் கூடத்திலோ, மீன்தொட்டியைத் தாங்கும் அலமாரியின் அடியிலிருந்து பாதித் தரைவரை நீர் பரவியிருந்தது.

தொட்டி உடையவில்லை; குழாயும் விரியவில்லை. பிறகு நீர் எங்கிருந்து வந்தது?

பெரிய மீன்தொட்டிகளுக்குக் கீழே, அலமாரிக்குள், மற்றொரு தொட்டி இருக்கும். வீட்டுவாசலில் புதைந்துள்ள நீர்த்தொட்டியைப் போல இதனையும் ‘சம்ப்’ என்றே அழைக்கின்றனர். மேல்தொட்டியின் வழிவாய் வழியாக இறங்கும் நீர் இதில் வடிகட்டப்பட்டு, மோட்டாரால் மீண்டும் மேலேற்றப்படுகிறது. மோட்டார் நின்றால், மேலேற்றும் குழாயே எதிர்த்திசையில் நீரை இறக்கத் தொடங்கும். பீப்பாயில் குழாயை இட்டு மண்ணெண்ணெய் இறக்குவதைப் போன்றதே இதுவும். குழாயின் வாய் நீர்மட்டத்திற்கு மேலே வந்து காற்றை இழுக்கும்வரை இது நிற்பதில்லை.

ஒரு சிறு கணக்கு

தொட்டியின் நீளத்தையும் அகலத்தையும் செ.மீ.யில் பெருக்கி 1,000ஆல் வகுத்தால், நீர்மட்டம் 1 செ.மீ. தாழும்போது எத்தனை லிட்டர் இறங்கும் என்பது தெரியும். எங்கள் தொட்டி 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உடையது. ஆகவே ஒவ்வொரு செ.மீ.க்கும் 5.4 லிட்டர். நீர் விழும் ஓசை உறக்கத்தைக் கெடுக்கிறதென்று, குழாயின் வாயை 12 செ.மீ. ஆழத்திற்கு நாங்களே தாழ்த்தியிருந்தோம். மின்சாரம் நின்றதும் ஏறத்தாழ 65 லிட்டர் கீழிறங்கியது. சம்ப்பில் இருந்த காலியிடமோ 30 லிட்டர்தான். மீதி 35 லிட்டர் தரைக்கு வந்தது.

குழாயில் ஒருவழி வால்வு இருந்தது. அதனை நம்பியே எட்டு மாதங்கள் கவலையின்றி இருந்தோம். அன்றிரவு அதன் மடலில் ஒரு சிறு நத்தை சிக்கி, வால்வு மூடாமற் போயிற்று. பாசியும் மணலும் சேரும் நீரில் வால்வு ஒன்றையே காவலாகக் கொள்ளலாகாது என்பதை அன்று கற்றோம்.

இரண்டு சோதனைகள்

முதற்சோதனை எளிது. வீட்டில் இருக்கும் ஒரு பகற்பொழுதில், வாளியும் துணியும் அருகில் வைத்துக்கொண்டு, மோட்டாரை நாமே நிறுத்திப் பார்க்க வேண்டும். சம்ப் நிரம்புவதுபோல் தோன்றினால் உடனே மீண்டும் இயக்கிவிடலாம். குழாயின் வாயை நீர்மட்டத்திற்கு 2 செ.மீ. கீழே மட்டும் நிறுத்துவதும், மட்டத்தை ஒட்டி அக்குழாயில் ஒரு சிறு துளையிடுவதும் கீழிறங்கும் நீரைக் குறைக்கும். அத்துளையைப் பாசி அடைக்காதபடி மாதமொரு முறை தூய்மை செய்தல் வேண்டும். நீர் முழுவதும் இறங்கிய பின்னும் சம்ப்பில் சில செ.மீ. இடம் எஞ்சவேண்டும். மோட்டாரை மறுபடி இயக்கி, நீரோட்டம் சீரானதும் சம்ப்பில் எந்த மட்டத்தில் நீர் நிற்கிறதோ அங்கே ஒரு கோடு இடுவோம். அக்கோட்டைத் தாண்டி ஒருபோதும் நீர் ஊற்றலாகாது.

இரண்டாவது சோதனை எதிர்மாறானது. வழிவாயை இலையோ நத்தையோ அடைத்துவிட்டால், மோட்டார் நீரை மேலேற்றிக்கொண்டே இருக்கும். மேல்தொட்டி விளிம்பு வழியும். எனவே வழிவாயைச் சிறிது நேரம் அடைத்துப் பார்க்க வேண்டும். மேல்தொட்டி வழிவதற்கு முன்பே மோட்டார் அறையின் நீர் தீர்ந்துவிட வேண்டும். தீர்ந்ததும் மோட்டாரை உடனே நிறுத்திவிட வேண்டும். நீரின்றி ஓடினால் அது கெடும். தொட்டி அதற்கு முன்பே வழியுமாயின் நீர்மட்டத்தைத் தாழ்த்துவதும், மாற்று வடிகுழாய் ஒன்று அமைப்பதும் தேவை.

ஆவியாகும் நீரை ஈடுசெய்யத் தானியங்கி மிதவையைக் குழாய் இணைப்போடு நேரடியாகப் பொருத்துவோர் உள்ளனர். மிதவை சிக்கினால் நீர் ஓயாது வரும். பத்து லிட்டர்க் கலமொன்றிலிருந்து நீர் வருமாறு அமைத்தால், தவறு நேரினும் இழப்பு பத்து லிட்டரோடு நிற்கும்.

கசிவும் மின்சாரமும்

மேற்சொன்ன அளவுடைய தொட்டி 45 செ.மீ. உயரமாயின் 243 லிட்டர் கொள்ளும். கண்ணாடி, அலமாரி, சம்ப் ஆகியவற்றையும் சேர்த்தால் எடை 300 கிலோவைத் தாண்டும். தளம் சமமாக இல்லாவிடில் கண்ணாடி முறுக்கேறி, ஓரப் பசை பிரியும். மட்டப்பலகை வைத்துப் பார்த்து நிறுவுதல் நன்று. சம்ப்பின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தால், ஒரு துளிக் கசிவும் அன்றே தெரிந்துவிடும்.

மின்கம்பிகள் செருகிக்குக் கீழே ஒருமுறை தொங்கி வளைந்து மேலேறுமாறு இருக்கட்டும். கம்பியில் வழியும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக் காப்பு சுவிட்ச் இன்றியமையாதது. தரையில் நீர் நின்றால், அதில் இறங்குமுன் வீட்டின் முதன்மைச் சுவிட்சை அணைக்க வேண்டும்.

காப்பீடு

2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ வீட்டுக் காப்பீட்டில், நீர்த்தொட்டிகள், சாதனங்கள், குழாய்கள் ஆகியவை வெடிப்பதாலோ நிரம்பி வழிவதாலோ நேரும் சேதமும் இடம்பெற்றுள்ளது. எனினும் அண்டை வீட்டாருக்கு நேரும் இழப்பு அதில் அடங்குமா, மீன்தொட்டிக்கு என்ன நிபந்தனை என்பவற்றைக் காப்பீட்டுப் பத்திரத்தைப் படித்து முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும். சேதம் நேர்ந்தால், துடைப்பதற்கு முன் ஒளிப்படம் எடுத்துக்கொள்வது பின்னர் உதவும்.

கீழ்வீட்டுச் சுவருக்கு நாங்களே மீண்டும் வண்ணம் பூசிக் கொடுத்தோம். திருமணத்திற்கு முன்தினம்தான் வேலை முடிந்தது. இப்போது மாதந்தோறும் முதல் ஞாயிறன்று காலை மோட்டாரை நிறுத்திவிட்டு, தொட்டியருகே பதினைந்து நிமிடம் அமர்கிறோம். மேலே மட்டம் 3 செ.மீ. இறங்குகிறது. கீழே 16 லிட்டர் ஏறி, சம்ப்பின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றுவிடுகிறது.