கடல் காத்த சான்று

புதையல் என்றவுடன் பொன்னும் மணியும் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயின், கடலடியிற் கிடந்து மீண்ட பொருளின் மதிப்பு அதன் எடையிலன்று, அது கூறும் சான்றிலேயே உள்ளது. இதற்கு நம் நாட்டுக் கடலிலேயே எடுத்துக்காட்டு உண்டு.

இலங்கையின் தென்கிழக்கே, கிரிந்தைக்கு அப்பால், 'இராவணன் கோட்டை' என வழங்கும் கற்பார் ஒன்று கிடக்கின்றது. கலங்களுக்கு அது பேரிடர் விளைத்தமையால் 1873ஆம் ஆண்டில் ஆங்குக் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. வாடை ஓய்ந்து சோழகம் எழுமுன் உள்ள சில கிழமைகளிலன்றி அங்கே சுழியோடுதல் அரிது. 1961 மார்ச்சு மாதத்தில் மைக் வில்சன் என்பார், அமெரிக்கச் சிறுவர் இருவருடன் அங்கே மூழ்கி, வெண்கலப் பீரங்கிகளையும் வெள்ளி நாணயங்களையும் கண்டார். துருக்கிக் கடலிற் பழங்கலம் ஆய்ந்த பீற்றர் துறொக்மோட்டன் 1963இல் வந்து ஆராய்ச்சியிற் பங்குகொண்டார். ஆதர் சி. கிளார்க் இவ்வரலாற்றை 1964இல் நூலாக்கினார்.

நாணயங்களை இட்ட பைகள் உக்கிப்போயின. எனினும், பையின் வடிவு மாறாமல், ஏறத்தாழ ஆயிரம் நாணயங்கள் ஒவ்வொரு கட்டியாக இறுகியிருந்தன. அவை முகலாய மன்னர் ஔரங்கசீப்பின் பெயரால் சூரத்து அக்கசாலையில் அடிக்கப்பட்ட உரூபாய்கள். அவற்றிற் பொறித்த ஆண்டு ஹிஜ்ரி 1113, அஃதாவது கி.பி. 1701-1702.

இங்கே நாம் நின்று சிந்தித்தல் வேண்டும். பலர் கைமாறிய பணமாயின், பல ஆண்டுகளும் பல அக்கசாலைகளும் அதில் விரவியிருக்கும். ஒரே ஊர், ஒரே ஆண்டு எனக் காண்பதால், இவ்வெள்ளி அக்கசாலையினின்று நேரே கப்பலேறியது என்றும், கலம் அவ்வாண்டையடுத்தே மூழ்கியது என்றும் துணியலாம். பெயர் அறியப்படாத கலத்தின் காலத்தைக் காட்டியவை இக்கட்டிகளே. அவற்றை உடைத்து உருக்கி நிறுத்து விற்றிருப்பின், வெள்ளி எஞ்சியிருக்கும், வரலாறு அழிந்திருக்கும்.

வெள்ளியே இல்லாத கலமும் உண்டு. அம்பலாந்தோட்டைக்கு அருகே, கொடவாயக் கடலில் 2003ஆம் ஆண்டு மீனவர் கண்ட கலத்தில் அரைகல்லும் கண்ணாடிக் கட்டியும் மட்கலமும் போன்றவை கிடைத்தன. எனினும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழைமையால், இந்துமாகடலில் இதுவரை அறியப்பட்ட கலச்சிதைவுகளுள் மிகப் பழையதாக அது எண்ணப்படுகின்றது.

கிடந்த இடத்தையும் கிடந்த வகையையும் குறியாது எடுத்த பொருள், ஏட்டினின்று கிழித்தெடுத்த ஒற்றை இதழை ஒக்கும். வெள்ளவத்தைக் கரையில் நின்று கடலை நோக்கும் நம் மாணவர், அதனை வெறும் நீர்ப்பரப்பு எனக் கொள்ளாது, இன்னும் வாசித்து முடியாத ஏடு எனக் கொள்வாராக.