வெள்ளை அணுக்களின் தூது

நம் இரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்கள் உடலின் காவலர்கள் என்று தொடக்கப்பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அந்தக் காவலர்களை எழுப்பித் திரட்டுவது யார் என்பதுதான் புற்றுநோய் மருத்துவத்தில் இன்று பெரிய கேள்வி.

டி உயிரணு என்பது ஒரு வகை வெள்ளை அணு. தனக்குரிய எதிரியை அடையாளம் கண்டு விழித்ததும், அது இன்டர்லியூகின்-2 என்னும் சிறு புரதத்தைச் சுரக்கிறது. 'வெள்ளை அணுக்களுக்கு இடையே' என்பது இப்பெயரின் பொருள். (தமிழில் 'அணுத்தூது' என்றால் பொருந்தும் என்பது என் எண்ணம்.) இப்புரதம் உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் வந்து பொருந்துகிறது. உடனே ஏற்பியின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஜாக் நொதிகள், ஸ்டாட்-5 என்ற புரதத்தைத் தூண்டிவிடுகின்றன. அது உட்கருவுக்குள் நுழைந்து, பெருகுவதற்கான மரபணுக்களை இயக்குகிறது. ஓர் அணு ஆயிரமாகிறது.

1976ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் இப்புரதம் இனங்காணப்பட்டது. அதே கழகத்தின் அறுவை மருத்துவர் ஸ்டீவன் ரோசன்பெர்க் இதை மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார். பல நோயாளிகளுக்குப் பலனில்லை. 1984இல், உடலெங்கும் பரவிய மெலனோமா எனும் தோல் புற்றுநோயுடன் வந்த ஒரு பெண்ணுக்கு மிக அதிக அளவு கொடுத்தார். சில மாதங்களில் கட்டிகள் மறைந்தன! சிறுநீரகப் புற்றுநோய்க்கு 1992இலும் மெலனோமாவுக்கு 1998இலும் அமெரிக்க அரசு இம்மருந்தை அனுமதித்தது.

ஆனால், நூற்றில் ஏறத்தாழ 15 பேருக்கே கட்டி சுருங்கியது. ஏன்? எதிர்ப்பாற்றல் எல்லை மீறி நம் உடலையே தாக்காதபடி அடக்கிவைக்கும் டி உயிரணுக்களும் உண்டு. அவற்றின் ஏற்பி மூன்று பகுதிகளால் ஆனது. துளியளவு இன்டர்லியூகினையும் பற்றிக்கொள்ளும். ஓய்ந்திருக்கும் தாக்கும் அணுக்களிலோ பெரும்பாலும் இரண்டு பகுதிகளே உள்ளன. ஆகவே, குறைந்த அளவு கொடுத்தால் தாக்குபவனுக்கு முன் தடுப்பவன் விழித்துக்கொள்கிறான். அதிக அளவு கொடுத்தாலோ நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிந்து, இரத்த அழுத்தம் வீழ்ந்து, நுரையீரலில் நீர் கோத்து, நோயாளியின் உயிருக்கே ஆபத்தாகிறது.

அந்த மூன்றாம் பகுதியில் ஒட்டாதபடி புரதத்தை மாற்றியமைத்த ஒரு மருந்து, 2022இல் மெலனோமா நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையில் தோற்றது. மற்றொரு வழி, கட்டிக்குள் ஊடுருவியிருக்கும் டி உயிரணுக்களை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் இன்டர்லியூகின்-2 ஊட்டிக் கோடிக்கணக்கில் பெருக்கி, மீண்டும் உடலில் செலுத்துவது. இதுவும் ரோசன்பெர்க் தொடங்கிவைத்ததே. இவ்வகைச் சிகிச்சை ஒன்று 2024இல் அமெரிக்காவில் மெலனோமாவுக்கு அனுமதி பெற்றது. அணுக்களைச் செலுத்திய பிறகு, அவை உடலில் நிலைத்து நிற்க, அதிலும் சில வேளை இன்டர்லியூகின்-2 கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.