டியூபை எடுத்த பிறகு

புராஸ்டேட் புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுதாக அகற்றியவர்களுக்கு, சிறுநீர் வடியப் பொருத்திய டியூபை ஒன்றிரண்டு வாரங்களில் எடுத்துவிடுவார்கள். பலருக்குச் சிரமம் அன்றுதான் தொடங்குகிறது. நாற்காலியிலிருந்து எழுந்தால் சொட்டு, இருமினால் சொட்டு; தும்மினால் உள்ளாடையே நனைந்துவிடும். படுத்திருக்கும்போது தொல்லை குறைவு. தசை களைத்துப்போகும் மாலையில்தான் கசிவு அதிகம்.

சிறுநீரைத் தடுத்து நிறுத்த இரண்டு சுருக்குத்தசைகள் உண்டு. சிறுநீர்ப்பையின் கழுத்தில் இருப்பது நாம் நினைக்காமலே இயங்குவது; அறுவையில் பெரும்பாலும் அதன் பிடிமானம் போய்விடுகிறது. அதற்குக் கீழே உள்ள தசை இனி முழுச் சுமையையும் தாங்கிப் பழக வேண்டும். பழகுவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

எத்தனை மாதம்? பிரிட்டனில் 1,643 ஆண்களை வைத்து நடந்த ‘புரொடெக்ட்’ ஆய்வு 2016இல் இதற்குப் பதில் சொன்னது. அறுவைப் பிரிவில் இருந்தவர்களில் ஆறு மாதத்தில் 46 சதவீதம் பேர் கசிவுக்காகப் பேட் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு ஆண்டுகளில் அது 17 சதவீதமாகக் குறைந்தது. ஆறில் ஒருவருக்கு மேல் தேறவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. கத்தி வைப்பதற்கு முன்பே இந்த இரண்டு எண்களையும் நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும். முன்கூட்டித் தெரிந்தவர், ‘எனக்கு மட்டும்தானா இப்படி?’ என்று வீட்டுக்குள் முடங்க மாட்டார்.

இடுப்புத்தளத் தசைப் பயிற்சியைப் பல மருத்துவர்கள் சொல்லித்தருகிறார்கள். ஓடும் சிறுநீரை நடுவில் நிறுத்துவதாக நினைத்துக்கொண்டு தசையை இறுக்கி, சில விநாடி பிடித்து, விட வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது, வயிற்றை எக்கக் கூடாது. எழுவதற்கும் இருமுவதற்கும் ஒரு நொடி முன்பே இறுக்கிக்கொள்வதுதான் இதில் சூட்சுமம். ஆனால் பயிற்சியைச் சரியாகச் செய்யாததால்தான் கசிகிறது என்று யாரும் தன்னை நொந்துகொள்ள வேண்டாம். 2011இல் வெளிவந்த இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வில், நேரில் பயிற்சி பெற்றவர்களுக்கும் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுக்கும் ஓராண்டு முடிவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பவர்கள் உண்டு. அது தவறு; சிறுநீர் அடர்த்தியாகி, எரிச்சலும் அவசரமும்தான் கூடும்.

வெளியே போனால் வேறொரு பாடு. பயன்படுத்திய பேடைப் போட ஆண்கள் கழிப்பறையில் தொட்டி இருப்பதில்லை. பையில் சுருட்டிக்கொண்டு வீடு வரை சுமக்க வேண்டும். பிரிட்டனில் ‘புராஸ்டேட் கேன்சர் யுகே’ அமைப்பு இதற்காகவே ஓர் இயக்கம் நடத்துகிறது. சின்னத் தேவைதான். ஆனால் ஒருவர் திருமணத்துக்கோ கடைத்தெருவுக்கோ கிளம்புவதும் தயங்கி நிற்பதும் இதில்தான் இருக்கிறது.

ஓராண்டு ஆகியும் கசிவு கடுமையாக இருந்தால் செயற்கைச் சுருக்குத்தசை பொருத்தலாம். சிறுநீர்க் குழாயைச் சுற்றி ஒரு பட்டை, வயிற்றுக்குள் ஒரு சிறு பலூன், விதைப்பையில் ஒரு பம்ப். பம்பை அழுத்தினால் பட்டையில் இருக்கும் திரவம் வெளியேறி வழி திறக்கும். சில நிமிடங்களில் தானே மூடிக்கொள்ளும். இதைப் பொருத்திக்கொண்டவர்கள் பிற்பாடு எந்தச் சிகிச்சைக்குப் போனாலும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பட்டையைத் தளர்த்தாமல் டியூப் போட்டால் குழாய் புண்ணாகிவிடும்.